நோட்டில் ஏறாத இனிப்பு

என் மகள் சாருமதி உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து, அப்படியே முன்பக்கம் சாய்ந்து, நெற்றி பாயில் பட்டதும் குறட்டை விடுவாள். அதை நாங்கள் அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறோம். திருச்சானூரில் இருக்கும் என் மச்சினி பத்மா அதைப் போனில் படம் பிடித்துக் குடும்பக் குரூப்பில் போட, ஆளாளுக்கு இதயம் அனுப்பினார்கள். மல்லாந்து படுத்தால் மூச்சு அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் பிள்ளை தானாகவே ஒரு வழி கண்டுபிடித்து உட்கார்ந்து தூங்குகிறது என்று ஒரு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் அவளுக்கு இருபத்திரண்டு வயதாகியிருந்தது.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்களைப் போல வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு, கொழுகொழுவென்று நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் எங்காவது இருப்பார்கள். அவர்கள் படிக்கட்டும். நான் பத்தாவது வரை படித்தவன். நகரியில் ஆறு விசைத்தறி ஓட்டுகிறேன். முப்பது வருடமாகத் தறிச் சத்தத்துக்கு மேல் கத்தியே பேசிப் பழகிவிட்டேன். எழுத்திலும் கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாருவுக்கு டவுன் சிண்ட்ரோம். உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லிலும் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் பிறவி நிலை அது. அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும். தசைகள் தளர்வாக இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு எடை சுலபமாக ஏறும், தைராய்டு சுரப்பு குறையும், தொண்டைக் குழாயும் குறுகல் என்பதை எங்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் காதில் வாங்கியிருப்பேனா என்பது சந்தேகம்தான். அவளுக்குப் பேச்சு வருமா, நடப்பாளா, எங்களுக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலைகளே தலைக்கு மேல் இருந்தன. சாப்பிடுகிறாள் என்பது ஒன்றுதான் கவலை இல்லாத விஷயமாக இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருக்கிறது. தறியில் புதுப் பாவு ஏற்றியதும், அதாவது நீளவாட்டு நூலை முழுசாகப் புதிதாகப் பூட்டியதும், கற்பூரம் காட்டி, ராசியான கை ஒன்றைக் கூப்பிட்டு சுவிட்சைப் போடச் சொல்வார்கள். சாருவுக்கு எட்டு வயது இருக்கும்போது எதிர் ஷெட் முருகேசன், விளையாட்டாக அவளைத் தூக்கிப் பிடித்து சுவிட்சைப் போடச் சொன்னார். அந்தப் பாவு இழை அறாமல் இறங்கியதாம். அவ்வளவுதான். அன்று முதல் தெருவில் யார் பாவு ஏற்றினாலும் ஆள் வந்துவிடும். "சாரும்மாவ அனுப்புண்ணா, தறி காத்துக்கினு கீது" என்று வாசலில் நின்று கூப்பிடுவார்கள். வாரத்துக்கு நாலைந்து ஷெட்டாவது இருக்கும். சுவிட்சைப் போட்டதும் கையில் ஒரு பொட்டலம். ஜாங்கிரியோ மைசூர்பாகோ பூந்தியோ, அவரவர் வசதிக்கு ஏற்றபடி. வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அனுப்பினால் ராசி போய்விடும்.

எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று சொல்லி மாளாது. பள்ளிக்கூடத்தில் மூன்றே மாதத்தில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை. இன்று ஒரு தெருவே அவளுக்காகத் தறியை நிறுத்திவைத்துக் காத்திருக்கிறது. நான் செத்தாலும் இந்தத் தெரு இவளைப் பார்த்துக்கொள்ளும் என்று என் மனைவி கஸ்தூரியிடம் அடிக்கடி சொல்வேன்.

போன வருடம் ஆடி மாதம் ஒரு மத்தியானம், என் ஷெட்டில் நூல் மூட்டை மேல் சாய்ந்து சாரு தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அவள் தூங்குவது புதிதில்லை. அந்த மாதங்களில் சோற்றுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுந்தாள். சோம்பல் என்று நான் திட்டியும் இருக்கிறேன். சாப்பிடக் கூப்பிட வந்த கஸ்தூரி, "ஏங்க, உதட்ட பாருங்க" என்று கத்தினாள். உதடு நாவல்பழம் தின்றது போலக் கறுத்திருந்தது. உலுக்கினால் கண்ணைத் திறக்கிறாள், மூடிக்கொள்கிறாள். தறியை நிறுத்தக்கூடத் தோன்றாமல் வண்டி பிடிக்க ஓடினேன்.

தெரிந்த டாக்டர் ஒருவர் சித்தூரில் இருந்ததால் அங்கே கொண்டுபோனோம். விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். சாருவுக்கு எழுபத்திரண்டு. ஆக்சிஜன் வைத்துவிட்டு, அந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இங்க வெச்சிக்கினு ரிஸ்க் எடுக்க முடியாது, திருப்பதிக்கு இட்டுக்கினு போயிடு" என்றார். ஆம்புலன்ஸ் பாகாலா தாண்டும்போது சாருவுக்கு நினைவு தெளிந்தது. முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன்.

"நைனா, முருகேசன் மாமா ஷெட்ல சாயங்காலம் பாவு. யாரு சுச்சி போடுவாங்க?"

"நீதாம்மா போடுவ. மாமா காத்துக்கினு இருக்கும்" என்றேன்.

திருப்பதியில் ஒன்பது நாள் இருந்தோம். முதல் இரண்டு நாள் அவசரப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே நின்றதைத் தவிர எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. மூன்றாம் நாள் பெரிய டாக்டரம்மா கூப்பிட்டு உட்கார வைத்தார். தெலுங்குக்காரர், ஆனால் சென்னையில் படித்தவர் என்பதால் தமிழ் தெளிவாகப் பேசினார். தூங்கும்போது சாருவின் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதையை மூடிவிடுகிறது. மூச்சு நிற்கிறது, ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி அவளை அரை விழிப்புக்குக் கொண்டுவருகிறது, மறுபடி மூச்சு. இது இரவு முழுக்க நடக்கிறது. எடை கூடக் கூடக் கழுத்தைச் சுற்றியும் வயிற்றிலும் கொழுப்பு அழுத்தி, நெஞ்சு சரியாக விரிவதில்லை; வெளியே போக வேண்டிய கரியமில வாயு ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. வந்த அன்றே மணிக்கட்டில் ஆழமாக ஊசி போட்டு ரத்தம் எடுத்தது இந்த வாயுவை அளக்கத்தானாம்.

மறுநாள் ராத்திரி தூக்கப் பரிசோதனை. தலையிலும் கன்னத்திலும் நெஞ்சிலும் ஒயர்களை ஒட்டி, அவள் தூங்குவதை ஒரு இயந்திரம் விடியும்வரை பதிவு செய்யும். ஒட்டும்போது சாரு சிரித்தாள். தன்னைத் தறியில் பூட்டுகிறார்கள் என்றாள். காலையில் முடிவு வந்தது. மணிக்கு நாற்பத்தொரு தடவை மூச்சு நின்றிருக்கிறது. நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை வருடமும் இவள் பக்கத்து அறையில் ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள், நான் குறட்டைச் சத்தத்துக்குக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கினேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

"இதயத்தோட வலது பக்கம் ஏற்கெனவே கஷ்டப்படுது சார்" என்றார் டாக்டரம்மா. இதயத்தை ஸ்கேன் செய்து பார்த்ததில், நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அழுத்தம் கூடியிருந்தது. "ராத்திரி மெஷின் மாட்டியே ஆகணும். எடை இறங்கியே ஆகணும். ரெண்டும் நடந்தா இந்த அழுத்தம் இறங்க வாய்ப்பு இருக்கு. நடக்கலன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். நடக்கலன்னா என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கஸ்தூரி கேட்டாள். "இதயம் தாங்காதும்மா. வருஷக் கணக்குதான்" என்றார். அப்போது சாருவின் எடை தொண்ணூற்றொரு கிலோ. உயரம் நாலடி ஏழங்குலம்.

அந்த மூச்சு இயந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி, அதிலிருந்து குழாய், குழாயின் முடிவில் ஒரு பெட்டி. காற்றைத் தள்ளி மூச்சுப் பாதையைத் திறந்தே வைக்கும். முதல் நாள் மாட்டியதும் சாரு பிடுங்கி எறிந்தாள். இரண்டாம் நாள் நர்ஸைக் கடித்தாள். நான் கத்தினேன், அது தெரிந்த வித்தைதானே. கஸ்தூரி முகமூடியைத் துடைத்துத் தன் முகத்தில் மாட்டிக்கொண்டு, மகளின் கட்டிலில் படுத்து, குழாய் வழியாக வரும் குரலில் ஊர்க் கதை பேசத் தொடங்கினாள். சாரு கொஞ்ச நேரம் முறைத்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு "நான், நான்" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டு தூங்கினாள். படுத்துத் தூங்கினாள்!

ஆஸ்பத்திரிச் செலவு பெரும்பாலும் அரசாங்க அட்டையில் போய்விட்டது. இயந்திரம் அதில் சேராது என்றார்கள். கஸ்தூரி கழுத்திலிருந்ததை அடகுக் கடைக்குக் கொடுத்தாள், நான் தடுக்கவில்லை. இவ்வளவுதான் பணத்தைப் பற்றிச் சொல்வதற்கு. பத்மா தினமும் திருச்சானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில், மிளகு ரசமும் சோறும் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். மூடியைத் திறக்கும்போது இன்னும் ஆவி பறக்கும். ஒன்பது நாளில் ஒரு நாள்கூட ஆறிப்போன சாப்பாடு அவள் எங்களுக்குக் கொடுத்ததில்லை.

காத்திருக்கும் இடத்தில்தான் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு பெரியவர் சாருவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இப்படியா வளக்கறது, வாயக் கட்ட வேணாவா?" என்றார். அவருடைய தொந்தி அவருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. இன்னொரு அம்மா, மலைக்குப் போய்விட்டு வந்தவர், பையிலிருந்து பெரிய லட்டை எடுத்துப் பாதி பிட்டு, "தேவுடி பிட்டம்மா, பாவம்" என்று சாருவின் கையில் வைத்தார். தெய்வத்தின் பிள்ளையாம். சாரு என்னைப் பார்த்தாள். பிரசாதத்தை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சாப்பிடச் சொல்லித் தலையாட்டினேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது, உணவு ஆலோசகர் என்று ஒரு சின்னப் பெண் வந்து, எதை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று பட்டியல் கொடுத்தார். கூடவே ஒரு நோட்டு. "வாய்க்குள்ள போற எல்லாத்தையும் எழுதணும் சார். ஒரு மாசம்." எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். பாவு நீளம் எழுதுவது போல ஒழுங்காக எழுதினேன். காலை இட்லி மூன்று. மதியம் ஒரு கப் சோறு, கீரை, மோர். ராத்திரி சப்பாத்தி இரண்டு. வீட்டில் கஸ்தூரி சட்டியையே சின்னதாக மாற்றிவிட்டாள். பட்டியலில் உள்ளது உள்ளபடி நடந்தது. ஒரு பொய் எழுதவில்லை என்று சாமி மேல் ஆணையாகச் சொல்வேன்.

ஒரு மாதம் கழித்துப் போனோம். எடை தொண்ணூற்று மூன்றரை.

டாக்டரம்மா நோட்டை இரண்டு தடவை புரட்டினார். "இந்தச் சாப்பாட்டுக்கு எடை இறங்கியிருக்கணும். ஏறியிருக்கு. அப்போ உள்ள வேற ஏதோ இருக்கு" என்றார். போன தடவையே ஆரம்பித்திருந்த தைராய்டு மாத்திரை சரியாகத்தான் வேலை செய்தது. ஆகவே அடுத்த சந்தேகத்துக்குப் போனார்கள். சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கும் சுரப்பி ஒன்று அளவுக்கு மேல் சுரந்தால் சாப்பிடாமலே உடம்பு பெருக்குமாம். அதைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். ஒரு முழு நாளின் சிறுநீரை ஒரு கேனில் சேர்க்க வேண்டும். குறிப்பிட்ட நேரங்களில் ரத்தம் எடுக்க வேண்டும்.

சாருவுக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். முதல் நாள் காலை மூன்று இடத்தில் குத்தினார்கள். நான் காலைப் பிடித்துக்கொண்டேன், கஸ்தூரி தலையை. "நைனா, வேணாம்னு சொல்லு! நைனா, நீ சொல்லு!" என்று வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினாள். நான் சொல்லவில்லை. அவள் நல்லதுக்குத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன். இரண்டாம் நாளும் அதே. கேனைத் தூக்கிக்கொண்டு கஸ்தூரி கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். எனக்கோ உள்ளூரக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நோய்தான் காரணம் என்றால் நாங்கள் காரணம் இல்லை அல்லவா?

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த உணவு ஆலோசகர் பெண் வந்தார். நோட்டை எடுத்துக்கொண்டு நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம் சார். நான் சாருவ கேக்கறேன்."

"அதுக்கு சொல்லத் தெரியாதும்மா" என்றேன்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்து, "சாரு, போன வாரம் யார் யார் உனக்கு என்ன குடுத்தாங்க?" என்று கேட்டார்.

சாரு எழுந்து உட்கார்ந்தாள். விரலை மடக்கத் தொடங்கினாள். "திங்கக்கெழம முருகேசன் மாமா, ஜாங்கிரி ரெண்டு. அத்த உள்ள கூப்ட்டு காப்பி குடுத்துச்சு, சக்கர போட்டு. செவ்வாக்கெழம கோடி ஷெட்டு, பூந்தி. கவர்ல. பொதங்கெழம பாவு இல்ல. வியாழக்கெழம ரெண்டு பாவு. மைசூர்பாகு, அப்பறம் லட்டு. வெள்ளிக்கெழம அம்மங்கோயிலு, சக்கரப் பொங்கலு, ரெண்டு தொன்ன. சனிக்கெழம பத்மா சித்தி வந்துச்சு, கோயில் வட, லட்டு..."

நிற்கவே இல்லை. போன வாரம் முடிந்து அதற்கு முந்தின வாரத்துக்குப் போனாள். எந்த ஷெட், எந்தக் கிழமை, எத்தனை, எலுமிச்சம்பழம் அளவா ஆரஞ்சு அளவா எல்லாம் சொன்னாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டே வந்தார், பக்கம் திருப்பினார். என் மகளுக்கு இப்படி ஒரு ஞாபகசக்தி இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் நான் அவளிடம் "சாப்ட்டியா?" என்று கேட்டிருக்கிறேனே தவிர, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதே இல்லை.

"இதெல்லாம் ஏன் சார் நோட்டுல இல்ல?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன், கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அது சாப்பாடு இல்லீங்களே" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். பாவு பூஜை இனிப்பு ராசிக்குக் கொடுப்பது. கோயில் பொங்கல் பிரசாதம். சனிக்கிழமை ஒருபொழுது இருக்கிறவன்கூடப் பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டால் விரதம் கெட்டது என்று சொல்ல மாட்டான். பசிக்குத் தின்பதுதானே சாப்பாடு? கஸ்தூரிக்கும் தோன்றவில்லை, பத்மாவுக்கும் தோன்றவில்லை. எங்கள் தெருவில் யாரிடம் அந்த நோட்டைக் கொடுத்திருந்தாலும் என்னைப் போலத்தான் எழுதியிருப்பார்கள்.

அந்தப் பெண் மறுபடி சாருவிடம் திரும்பினார். "ஜாங்கிரி அவ்ளோ புடிக்குமா?"

"புடிக்காது. பல்லுல ஒட்டும்."

"அப்போ ஏன் துன்னே?"

"துன்னலன்னா மாமா மூஞ்சி சின்னதா பூடும்." கொஞ்சம் யோசித்து, என் பக்கம் கையைக் காட்டினாள். "முன்னல்லாம் நைனாவும் அல்வா வாங்கியாரும். துன்னலன்னா, 'இன்னா, ஒடம்பு சரியில்லியா, நைனா மேல கோவமா'ன்னு கேக்கும். அதான் துன்னுடுவேன்."

நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு தண்ணீர் இயந்திரம் இருந்தது. அதன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். யாரோ தண்ணீர் பிடிக்க வந்து, நான் நகர்வேனா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் ஆசைப்பட்டுத் தின்கிறாள் என்று நினைத்திருந்தோம். எங்கள் மனசு நோகக் கூடாது என்று தின்றிருக்கிறாள். நோட்டில் அந்த இனிப்பையெல்லாம் நான் எழுதியிருந்தால் அந்த ஊசிகள் எதுவும் தேவைப்பட்டிருக்காது. அவள் வேணாம்னு சொல்லு என்று கத்தியபோது காலைப் பிடித்துக்கொண்டிருந்தது இந்தக் கைதான்.

மிச்சப் பரிசோதனையை ரத்து செய்தார்கள். எடுத்தவற்றின் முடிவு எல்லாம் சரியாகவே இருந்தது. சுரப்பி பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

ஊருக்கு வந்து முதலில் முருகேசனிடம் போனேன். ஐம்பது வயது மனிதர், சாரு மேல் உயிர். விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்துவிட்டது. "இன்னாண்ணா பேசற? கொழந்த கையில ஒரு இனிப்பு வெக்காம அனுப்பினா பாவம் ஒட்டாதா? ஒரு துண்டு துன்னா இன்னா ஆயிடும்?"

"நாப்பது ஷெட்டு கீதுய்யா தெருவுல! ஒவ்வொருத்தனும் ஒரு துண்டுதான் குடுக்கறான்!" என்று கத்தினேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தபோதும் எல்லாருக்கும் கேட்டிருக்கும். "டாக்டர் வருஷக் கணக்குன்னு சொல்லிட்டாங்க. ஒனக்கு ராசி வேணுமா, எம்பொண்ணு வேணுமா?"

அவர் மனைவி வந்து கதவோரம் நின்றார். என் பின்னாலேயே வந்திருந்த சாருதான் பேசினாள்.

"மாமா, இனிப்பு வேணாம். எனக்கு தார் சுத்தக் குடு."

தார் என்பது குறுக்கு நூல் சுற்றிய சின்னக் குழல், தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவுக்குள் வைப்பது. அதைச் சுற்றுகிற மிஷின் முன்னால் அவள் மணிக்கணக்கில் நின்று பார்த்திருக்கிறாள். விரல் மாட்டிக்கொள்ளும், பாவம் என்று அவளை யாரும் தொட விட்டதில்லை, நான் உட்பட. ராசிக்கு மட்டும் அந்தக் கை வேண்டும், வேலைக்கு வேண்டாம். முருகேசன் என்னைப் பார்த்தார், நான் கஸ்தூரியைத் தேடினேன், அவள் அங்கே இல்லை. அவர் மனைவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "வாடி, ஒக்காரு" என்றார். அன்றைக்குப் பதினோரு தார் சுற்றினாள். அதில் ஏழு அவிழ்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொன்னால் பொய். இரண்டு மாதம் எடை முள் நகரவே இல்லை. ஒரு வாரம் முகமூடியைத் தொட மாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஒரு வீட்டுக்காரர்கள் ரகசியமாகப் பொட்டலம் கொடுத்து, நைனாகிட்ட சொல்லாதே என்றிருக்கிறார்கள். சாரு நேராக வந்து சொல்லிவிட்டாள். நானே ஒரு நாள் கடைத்தெருவில் பழைய பழக்கத்தில் அல்வா வாங்கிவிட்டு, வழியிலேயே நின்று முழுவதையும் தின்று தீர்த்துவிட்டு வந்தேன். சட்டையில் ஒட்டியிருந்ததைப் பார்த்துக் கஸ்தூரி சிரித்த சிரிப்பை மறக்க முடியாது. ஆனால் சாரு தினமும் ஷெட்டுக்கு நடந்தாள். தெருக்கோடி வரை போய்த் தார்க் கூடையை எடுத்து வருவாள். ஆறாவது மாதம் படி ஏறும்போது நிற்காமல் ஏறினாள். வீட்டுக் குறட்டை இப்போது என்னுடையது மட்டும்தான் என்கிறாள் கஸ்தூரி.

பத்து மாதம் கழித்து, போன மாதம், திருப்பதியில் இதய ஸ்கேன். கஸ்தூரிக்குக் காய்ச்சல் என்பதால் நானும் சாருவும் மட்டும் போனோம். ஸ்கேன் அறைக்கு வெளியே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு டாக்டரம்மாவின் அறை. எடை எண்பத்திரண்டரை. அவர் ரிப்போர்ட்டைப் படித்தார், முதல் ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"அழுத்தம் நல்லா இறங்கியிருக்கு சார். முழுசா நார்மல் இல்ல. ஆனா இந்த வழியிலயே போனா பயம் வேணாம்."

எனக்கு எழுந்து அவர் காலில் விழலாமா என்றிருந்தது. "எப்படி சார் பண்ணீங்க?" என்று கேட்டார். வழியெல்லாம் பஸ்ஸில் நான் தயார்செய்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. தொண்டையைச் செருமினேன்.

"மேடம், என்னக் கேளு" என்றாள் சாரு.

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "சொல்லும்மா."

சாரு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நைனா, நீ வெளில குந்து."

பிறந்தது முதல் எந்த டாக்டரிடமும் அவளைத் தனியாக விட்டதில்லை. எனக்கு அதிர்ச்சியாக இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. டாக்டரம்மா கதவைப் பார்த்துத் தலையசைத்தார். ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. சாருவின் குரல் மட்டும் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. நடுவில் டாக்டரம்மா எதையோ கேட்டார், பெரிதாகச் சிரித்தார், பிறகு வெகுநேரம் சாருவே பேசினாள். அவள் வெளியே வரும்போது கால் மணி நேரம் ஆகியிருந்தது.

பத்மா வீட்டுக்குப் போக திருச்சானூர் ஷேர் ஆட்டோவில் ஏறியதும் கேட்டேன். "இன்னாம்மா சொன்ன?"

"அது எனக்கும் மேடத்துக்கும்" என்று சொல்லிவிட்டு ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

கஸ்தூரியிடமிருந்து போன் வந்தது. காய்ச்சல் குரலில், "ஸ்கேன் பாத்தாங்களா? டாக்டர் இன்னா சொன்னாங்க?" என்றாள்.

"ஒரு நிமிஷம் இரு. சாருவக் கேளு" என்று சொல்லிப் போனை அவள் கையில் கொடுத்தேன்.